சுகிர்தாவின் வரிசை

ஜோசப் கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போய் ஒன்றரை வருஷம் ஆகியும் சுகிர்தாவுக்கு அளவாக அரிசி போடக் கை வரவில்லை. மூன்று பேருக்கு வடித்துப் பழகிய கை. அவளும் மகள் பிரிஸ்காவும் சாப்பிட்டது போக ஒரு ஆள் சோறு பானையில் மிஞ்சும். அதில் தண்ணீர் ஊற்றி வைத்து, காலையில் இரண்டு பேரும் உப்புப் போட்டுக் கரைத்துக் குடிப்பார்கள்.

"ஒரு நாளாவது கரெக்டா வடிக்கிறியாம்மா?" என்று பிரிஸ்கா கேட்பாள்.

"ஒங்கப்பா திடீர்னு வந்து நின்னா இன்னா பண்றது?" என்பாள் சுகிர்தா.

அவன் திடீரென்று வந்து நின்றதேயில்லை. மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை வருவான். அதுவும் முதல் நாளே போன் பண்ணிவிட்டு.

தோணிமேட்டுக்குப்பம் ஒரு நீளமான மணல்மேடு. கிழக்கே கடல், மேற்கே பழவேற்காடு ஏரி, நடுவே அறுபது வீடு, ஒரு சின்ன கோயில், ஒரு கல்லறைத் தோட்டம். வெளியே போக வேண்டுமானால் படகில் ஏரியைத் தாண்டிப் பழவேற்காட்டு பஜாருக்குப் போய், பஸ் பிடித்துப் பொன்னேரி, அங்கிருந்து ரயிலேறிக் கும்மிடிப்பூண்டி. தூரம் ஒன்றும் பெரிதில்லை. அவன் வந்துபோகிற ஞாயிறுகளுக்கு நடுவே இருக்கிற நாட்கள்தான் அவளுக்குப் பெரிதாக இருந்தன.

அவன் ஏன் போனான் என்பது ஊருக்கு ஒரு மாதிரி தெரியும், அவளுக்கு வேறு மாதிரி தெரியும்.

ஊர் சொல்வது, முகத்துவாரம் படகு போக முடியாதபடி மண் மேடிட்டுப்போனது. ஏரியும் கடலும் சேருகிற அந்த வாய் வழியாகத்தான் இவர்களுடைய பைபர் படகுகள் கடலுக்குப் போய்வரும். கடல் பக்கத்துக் கரையோ செங்குத்தாக அரித்துப்போயிருந்தது, அங்கிருந்து படகை இறக்கவும் வழியில்லை. ஏழு மாதம் படகுகள் கவிழ்த்துப் போட்டபடியே கிடந்தன. ஜோசப் வலையைப் பிரித்து வெயிலில் காயவைப்பான், பிறகு மடித்து வைப்பான்.

அந்த ஏழு மாதமும் அவர்கள் வீட்டு அடுப்பில் குழம்பு கொதித்தது சுகிர்தாவின் கையால். தண்ணீர் வற்றுகிற நேரம் பார்த்து அவளும் பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணும் ஏரியில் இறங்குவார்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் முட்டி போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் அடிச்சேற்றைத் தடவிக்கொண்டே நகர வேண்டும். இறால் விரலில் முட்டிய அந்த நொடியிலேயே அமுக்கிவிட வேண்டும். பிடித்ததைப் போட ஒரு ஓலைப் பறி, அதன் கயிறு பல்லிடுக்கில். மூன்று நான்கு மணி நேரம் அப்படி நகர்ந்தால் ஒரு வேளைக் குழம்புக்கும் இருக்கும், விற்று அரிசி பருப்பு வாங்கவும் இருக்கும். கோடையில் சென்னாகுனி என்கிற பொடி இறாலைக் காயவைத்து மழைக்காலத்துக்கு ஒரு டப்பா நிறைய ஒதுக்கி வைப்பாள். மடவை மீன் கிடைத்தால் உப்புப் போட்டுக் கூரையில் காயவைப்பாள்.

அப்படி ஒரு மத்தியானம் தட்டில் இறால் தொக்கு வைத்தாள். ஜோசப் அதை விரலால் ஓரம் தள்ளிவிட்டு வெறும் ரசத்தில் பிசைந்து சாப்பிட்டான். மறுநாளும் அதேபோல். ஒரு வாரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னாயா, வயிறு சரியில்லையா?"

"எறா வேணாம் எனக்கு" என்றான்.

கல்யாணமான நாளிலிருந்து மீனைக் கொண்டுவந்து போடுகிறவன் அவன், ஆய்கிறவள் இவள். அது தலைகீழாகிப் போனது அவன் தொண்டையில் நிற்கிறது என்று அவளுக்குப் புரிந்தது. அடுத்த மாதம் ஆள் பிடிக்க வந்த முனுசாமியோடு இன்னும் ஐந்து பேர் சேர்ந்து ஜோசப் இரும்புக் கம்பி உருட்டும் மில்லுக்குப் போய்விட்டான்.

அவன் போன பிறகு அவள் பகல் பொழுதை ஓட்டியது ஏரிக்கரையில்தான்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஏரிப் பக்கத்துக் கரை ஒவ்வொரு மழைக்கும் ஒரு முழம் இரண்டு முழம் என்று இடிந்து விழுந்துகொண்டிருந்தது. கல்லறைத் தோட்டத்துக்கு அருகே ஏரி வளைகிற இடம்தான் மோசம். இன்னும் இரண்டு மழை பெய்தால் சவப்பெட்டிகள் வெளியே தெரியும் என்று எல்லோரும் பயந்தார்கள். அப்போது பொன்னேரியிலிருந்து ஒரு சங்கத்துக்காரர்கள் வந்து, உப்புத் தண்ணீர்ச் சேற்றில் வளர்கிற கண்டல் மரத்தின் விதை கொடுத்தார்கள். பாதியாய் முறித்த முருங்கைக்காய் மாதிரி இருக்கும் அந்த விதை. சேற்றில் செருகிவிட்டால் வேர் விடும் என்றார்கள். ஆண்கள் கடலுக்குப் போயிருந்த நேரம். பெண்கள் பதினெட்டு பேர் சேர்ந்து செருகினார்கள்.

முதல் வருஷம் எல்லாம் அழுகிப்போயிற்று. தண்ணீர் எப்போதும் நிற்கிற ஆழத்தில் நட்டுவிட்டார்கள். இரண்டாம் வருஷம் ஆடு மேய்ந்தது பாதி, மிதந்து வந்த பிளாஸ்டிக் சுற்றி முறித்தது பாதி. சின்னப்பொண்ணு விடவில்லை. குச்சி நட்டு, அரை நாள் நனைந்து அரை நாள் காய்கிற மட்டம் எது என்று ஒரு மாதம் பார்த்துக் குறித்து வைத்தாள். கிழிந்த வலைகளைக் கேட்டு வாங்கிக் கழி நட்டு வேலி கட்டினார்கள். ஆளுக்கு ஒரு வரிசை என்று பிரித்துக்கொண்டார்கள். கல்லறை வளைவில் முதல் வரிசை சுகிர்தாவுக்கு வந்தது.

மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. இப்போது செடிகள் பிரிஸ்கா உயரத்துக்கு வந்துவிட்டன. காலை ஊன்றிக்கொண்டு நிற்கிற மாதிரி வேர்கள் சேற்றில் இறங்கியிருந்தன. அந்த வேர்களுக்கு நடுவே இறால் குஞ்சும் நண்டும் அண்டத் தொடங்கின. முன்பெல்லாம் அரை மைல் நகர்ந்தால் கிடைப்பது இப்போது வீட்டுக்குப் பின்னாலேயே கிடைத்தது. காலையில் பல் துலக்கும்போதே சுகிர்தா போய்த் தன் வரிசையைப் பார்த்துவிட்டு வருவாள். வேரில் சுற்றிய பால் பாக்கெட்டைப் பிடுங்குவாள், சாய்ந்த செடிக்குக் குச்சி கட்டுவாள். ஜோசப்பிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து வைத்துக்கொள்வதையெல்லாம் அங்கே நின்றுதான் நினைத்துக்கொள்வாள். ஞாயிற்றுக்கிழமை அவன் வந்தால் தூங்கிக்கொண்டிருப்பான். அவள் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில் அவன் தூங்கவில்லை. சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்து சொன்னான்.

"அங்க ஒரு ரூம் பாத்துக்கீறேன். தனி ரூம். பாப்பாவுக்கு ஸ்கூல் பக்கத்துலயே கீது. ஜூன்ல வந்துடுங்க ரெண்டு பேரும்."

சுகிர்தா கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒன்றரை வருஷமாக அவள் ஏங்கியது இதற்குத்தானே. ஒரே கூரைக்குக் கீழே அவனோடு இருக்க வேண்டும், அவன் வேலை முடிந்து வரும்போது கதவைத் திறக்க வேண்டும். இடம் எதுவானால் என்ன என்று தோன்றியது.

"வரேன்" என்றாள் உடனே.

சின்னப்பொண்ணிடம் சொன்னபோது அவள் வலை வேலியை முடிந்துகொண்டிருந்தாள். முடிச்சைப் போட்டு முடித்த பிறகுதான் நிமிர்ந்தாள்.

"ஒன் வரிசைய யாரு பாத்துக்குறது?"

"ஆறு மாசத்துல வந்துடுவேன்க்கா. மில்லுல அவருக்கு வேல கொஞ்சம் நெலயா வந்துட்டா..."

"வரமாட்டே" என்றாள் சின்னப்பொண்ணு. கோபமாகச் சொல்லவில்லை. நடக்கப்போவதைச் சொல்கிற மாதிரி சொன்னாள். "போ. புருஷன் கூட இருக்கறதுதான் ஞாயம். நான் பாத்துக்குறேன்."

படகு புறப்படும்போது அவள் வழியனுப்ப வரவில்லை. அன்றைக்குத் தண்ணீர் வற்றுகிற நேரம் அதுதான். தனியாக இறங்கியிருப்பாள் என்று சுகிர்தா நினைத்துக்கொண்டாள்.

கும்மிடிப்பூண்டியில் அந்த ரூம் சிப்காட்டுக்குப் பின்னால் ஒரு வரிசை வீடுகளில் நடு வீடு. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரு ஜன்னல். துவைத்துக் காயப்போட்ட துணியைத் தட்டினால் கறுப்பாக இரும்புத் தூசி உதிரும். பிரிஸ்காவுக்குப் பள்ளிக்கூடம் பிடித்துவிட்டது. அங்கே ஒரு சினேகிதியும் கிடைத்தாள். சுகிர்தா ஒரு கம்பெனி கேண்டீனில் காய் நறுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். காலை எட்டு மணிக்கு வெங்காய மூட்டை முன்னால் உட்கார்ந்தால் நான்கு மணிக்கு எழுந்திருக்கலாம்.

ஜோசப்புக்கு நைட் ஷிப்ட். வேலை முடிந்து சைக்கிளில் வரும்போது அவள் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பாள். தெருமுனை டீக்கடை வாசலில் இருவரும் நின்று சாவி கைமாற்றிக்கொள்வார்கள்.

"நாஷ்டா டப்பால கீது" என்பாள்.

"ம்" என்பான். கண் சிவந்திருக்கும். முழங்கையில் புதிதாக ஒரு தீப்புண் தெரியும். "இது எப்போ?" என்று கேட்பாள். "அது சொம்மா" என்பான். ஒரு நிமிஷம்கூட ஆகாது. அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போவான், அவள் மெயின் ரோட்டுப் பக்கம் திரும்புவாள். சாயங்காலம் அவள் வரும்போது அவன் கிளம்பத் தயாராகிக்கொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமைகளில் பாதி நாள் ஓவர்டைம், மீதி நாள் தூக்கம்.

தோணிமேட்டில் இருந்தபோது அவன் தூரத்தில் இருந்தான். அதனால் ஏங்கினாள். இங்கே அவன் படுத்த பாயில் அந்தச் சூடு ஆறுவதற்குள் அவள் வந்து படுக்கிறாள். அந்தத் தலையணையில் அவன் தலை எண்ணெயும் இரும்பு வாசனையும் இருக்கும். அதில் முகத்தை வைத்துக்கொண்டு, முன்பைவிட அதிகமாக ஏங்கினாள்.

மீன் வாங்கக் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கரைந்து மிதக்கும் மத்தி. செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்காமல் வந்துவிடுவாள். ஒரு நாள் கேண்டீன் லீவு. பிரிஸ்காவைக் கூட்டிக்கொண்டு நடந்தபோது ரோட்டோரம் ஒரு ஏரி கண்ணில் பட்டது. கரையில் யாருமில்லை. புடவையைச் செருகிக்கொண்டு முழங்காலளவு இறங்கி, குனிந்து கையைச் சேற்றில் விட்டாள். என்ன செய்கிறோம் என்று யோசித்துச் செய்யவில்லை. கை தானாகத் தடவிக்கொண்டு போயிற்று. ஒரு பிளாஸ்டிக் கவர், ஒரு ஒற்றைச் செருப்பு, மறுபடி கவர். கையை எடுத்தபோது முழங்கை வரை எண்ணெய் பளபளத்தது.

"இன்னாம்மா தேடறே?" என்றாள் பிரிஸ்கா.

"ஒண்ணுமில்ல. வா" என்றாள். வீட்டுக்கு வந்து மூன்று தரம் சோப்புப் போட்டும் வாசனை போகவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் புயல் வந்தது. இரண்டு நாள் விடாமல் கொட்டியது. சின்னப்பொண்ணின் போன் முதல் நாள் மத்தியானமே செத்துவிட்டது. யாருக்குப் போட்டாலும் கிடைக்கவில்லை. கும்மிடிப்பூண்டியில் அந்த வரிசை வீடுகளுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறியது. அரிசி டப்பா மிதந்தது. ஜோசப் பிரிஸ்காவைத் தோளில் ஏற்றிக்கொண்டு, அடுத்த தெருவில் பள்ளிக்கூட மாடிக்குக் கூட்டிப்போனான். மில் மூடிக்கிடந்ததால் மூன்று நாள் அவன் அவர்களோடேயே இருந்தான். அத்தனை மாதத்தில் பகலில் மூன்று நாள் சேர்ந்தாற்போல் அவன் முகத்தைப் பார்த்தது அப்போதுதான்.

சாப்பாடு பொட்டலமாக வந்தது. டிராக்டரில் நின்று கொடுத்தார்கள். கீழே ஜனங்கள் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். சுகிர்தாவும் நின்றாள். சாம்பார் சோற்றுப் பொட்டலம் கையில் விழுந்தபோது கையை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. கொடுத்தவர்கள் நல்லவர்கள்தான், பசியும் இருந்தது. ஆனால் ஏரியில் வெறுங்கையோடு இறங்கினாலும் சட்டிக்கு ஏதாவது கொண்டுவருகிற கை அது. அன்றைக்கு அது மற்றவர் தருவதற்காக நீண்டுகொண்டிருந்தது. பொட்டலத்தைப் பிரித்து மகளுக்கும் புருஷனுக்கும் வைத்துவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

ஜோசப் அவளைப் பார்த்தான்.

"எனக்குத் தெரியும்மே அது" என்றான் மெதுவாக. "அந்த ஏழு மாசம் எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு. எறா மேல எனக்கு இன்னா கோவம்? ஒன் முகத்தப் பாக்க வெக்கமா இருந்துச்சு. அவ்ளோதான்."

அவள் திரும்பி அவன் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு வருஷமாகச் சொல்லாமல் இருந்ததை அவன் சொல்லிவிட்டான். அவன் பொட்டலத்திலிருந்தே ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.

நான்காம் நாள் காலையில் போன் வந்தது. சின்னப்பொண்ணு குரல் கம்மிப்போயிருந்தது.

"நாங்க எல்லாம் கீறோம். யாருக்கும் ஒண்ணும் ஆவல."

"எப்பிடிக்கா இருந்தீங்க? சோறு தண்ணி?"

"எல்லாம் ஆச்சு. ஒன் வரிசை நிக்குது. வெளி வரிசைல நாலு செடி போச்சு, மத்ததெல்லாம் நிக்குது." அதற்குள் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

ரயில் ஓடத் தொடங்கியதும் மூன்று பேரும் கிளம்பினார்கள். பழவேற்காட்டு பஜார் முழுக்கச் சேறு. படகில் ஏரியைத் தாண்டும்போது சுகிர்தா எழுந்து நின்றுகொண்டாள். ஜோசப் புடவையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை.

கல்லறை வளைவு முதலில் தெரிந்தது. செடிகள் எல்லாம் ஊர்ப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. கிளைகளில் வைக்கோலும் கந்தலும் பிளாஸ்டிக்கும் சுற்றித் தொங்கின. ஆனால் வேர்கள் சேற்றை விடவில்லை. அவற்றுக்குப் பின்னால் கரை அப்படியே இருந்தது, ஜோசப்பின் அப்பாவுடைய சிலுவைகூட சாயவில்லை. அங்கிருந்து வடக்கே, கண்டல் நடாத பக்கம், கரை முப்பது நாற்பது அடி உள்வாங்கியிருந்தது. அரசப்பன் வீட்டுச் சமையல்கட்டுக்குக் கீழே மண்ணே இல்லை. சுவர் காற்றில் தொங்கியது.

கோயில் முற்றத்தில் பெரிய அண்டா ஏறியிருந்தது. ஆறு நாளாக அந்த அண்டாவில்தான் ஊருக்கே சமையல் என்று பெண்கள் சொன்னார்கள். முதல் இரண்டு நாள் அவரவர் டப்பாவில் வைத்திருந்த கருவாடும் சென்னாகுனியும் ஒன்றாகக் கொட்டப்பட்டன. படகு போக முடியாத நாட்களில் கண்டல் வேர்களுக்கு நடுவே பதுங்கிய நண்டைப் பொறுக்கிக் குழம்பு வைத்திருக்கிறார்கள். அரிசி தீர்ந்தபோது, பஜாரில் அரிசிக்கடை வைத்திருக்கும் பீவி ஜான் காற்று தணிந்ததும் இரண்டு மூட்டை அனுப்பியிருக்கிறாள், அவளும் பாதிக் கடை நனைந்து நிற்கும்போது.

சின்னப்பொண்ணு அண்டாவுக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வலது கணுக்காலில் பெரிய கட்டு. புயலன்று காலையில் சுகிர்தாவின் வரிசையில் வேலிக் கழி பிடுங்கிக்கொண்டதாம். வேலி போனால் மிதந்து வருகிறதெல்லாம் செடி மேல் விழும். அதைக் கட்டப் போனபோது ஏதோ தகரம் கிழித்துவிட்டது.

சுகிர்தா அந்தக் கட்டின் மேல் கை வைத்தாள். அழுகை வந்தது. அடக்கிக்கொள்ளப் பார்த்தாள், முடியவில்லை.

"எனக்காக எதுக்குக்கா போனே?"

"ஒனக்காகப் போவல. அந்த வளைவு போச்சுன்னா ஊரு போச்சு" என்றாள் சின்னப்பொண்ணு. பிறகு, "ஒனக்காகவும்தான்" என்றாள்.

மறுநாள் தண்ணீர் வற்றியதும் சுகிர்தா பறியை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சேற்றில் கை போனதும் விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. வெள்ளம் கொண்டுவந்த மண் மேலே ஒரு படிவாக நின்றது, அதற்குக் கீழே பழைய சேறு வழவழவென்று இருந்தது. இரண்டு மணி நேரம் நகர்ந்தாள். சின்னப்பொண்ணு இருக்க வேண்டிய பக்கம் காலியாக இருந்தது. அந்தப் பக்கத்தையும் சேர்த்துத் தடவினாள்.

கரையேறியபோது ஜோசப் நின்றிருந்தான். பறியை வாங்கிப் பார்த்தான்.

"நாளைக்குக் கெளம்பணும்" என்றான். "மில் தொறந்துட்டாங்களாம்."

அவள் புடவையைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "நான் வரலய்யா."

அவன் புரியாதவன் மாதிரி பார்த்தான். புரிந்துதான் இருந்தது.

"அப்போ நானு?" என்றான்.

அவள் பறியைக் கீழே வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். சேறு பட்ட கை. அவன் விடுவித்துக்கொள்ளவில்லை.

"ஒன்ன உட்டுட்டு இருக்க ஆசப்படறேன்னு நெனைக்காத" என்றாள். "அங்க பக்கத்துலயே இருந்தும் ஒன்ன நான் பாக்கல. சாவி குடுக்கறப்போ பாத்ததுதான். இங்க அக்கா கால் ஆற ரெண்டு மாசம் ஆவும். அரசப்பன் ஊட்டாண்ட நடாம உட்டா அடுத்த மழைக்கு அது போயிடும். அதுக்கப்புறம் நம்ம ஊடு. நாம திரும்பி வர ஒரு எடம் வோணாமா?"

"நான் திரும்பி வருவேன்னு நீ நெனைக்கிறியா?"

"அது ஒன் இஷ்டம். எடம் இருக்கணும். அதத்தான் சொல்றேன்."

ஜோசப் ஏரியைப் பார்த்தான். தான் மீன்பிடித்த இடம்தான், தனக்கு ஒன்றும் இல்லாமல் போன இடம்தான். முகத்துவாரம் புயலில் கொஞ்சம் திறந்திருக்கிறது என்று காலையில் பேசிக்கொண்டார்கள். எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. அதை நம்பி மில்லை விட முடியாது என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அன்று மத்தியானம் அவன் இறால் தொக்கைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். அவள் இன்னொரு கரண்டி வைத்தாள்.

பிரிஸ்கா ராத்திரி முழுக்க அழுதாள். கும்மிடிப்பூண்டிச் சினேகிதியை விட்டுவர அவளுக்கு மனசில்லை. ஒப்புக்கொண்டது அரையாண்டுப் பரீட்சை அங்கேயே எழுதலாம் என்ற பிறகுதான். பரீட்சை முடிகிறவரை அப்பாவோடு இருந்தாள், அவன் நைட் ஷிப்டுக்குப் போனால் சினேகிதி வீட்டில் படுத்துக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் இரண்டு பேரும் பெட்டி, ஸ்டவ், பாய் எல்லாவற்றோடும் படகில் வந்து இறங்கினார்கள். ரூமைக் காலி பண்ணிவிட்டு ஜோசப் பழையபடி ஆண்கள் தங்கும் இடத்துக்கே போய்விட்டான்.

ஜனவரியில் அவன் சூப்பர்வைசரைப் பிடித்து ஒரு ஏற்பாடு பண்ணிக்கொண்டான். நடுவில் லீவே இல்லாமல் உழைத்தால் மாதத்தில் மூன்று நாள் சேர்த்துக் கிடைக்கும். அந்த மூன்று நாள் வந்தபோது அரசப்பன் வீட்டுக்குப் பின்னால் நடவு நடந்துகொண்டிருந்தது. பெண்கள் இருபத்திரண்டு பேர். ஜோசப் பேண்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்கி வேலிக்குக் கழி அடிக்கத் தொடங்கினான். சின்னப்பொண்ணு கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "கம்பி உருட்டறவனே, இன்னும் ஆழமா எறக்கு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். இரண்டாம் நாள் இன்னும் நான்கு ஆண்கள் இறங்கினார்கள்.

மூன்றாம் நாள் மாலை அவனைப் படகேற்றிவிட்டு வந்து சுகிர்தா கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். முன்பு அவன் போனால் அவன் எங்கோ தொலைந்துபோகிற மாதிரி இருக்கும். இப்போது அப்படி இல்லை. ஆனால் ஏக்கம் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியாது. மூன்று நாள் முழுசாகக் கூட இருந்த பிறகு அது கூடித்தான் இருந்தது.

இப்போது அவனுக்குப் பகல் ஷிப்ட். தினமும் மத்தியானம் ஒரு மணிக்கு, மில்லில் சாப்பாட்டு நேரத்தில், அவனே போன் பண்ணுகிறான். பின்னால் இரும்பு உரசுகிற சத்தம் கேட்கும். முன்பெல்லாம் "சாப்ட்டியா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது நிறையக் கேட்கிறான். தண்ணீர் எவ்வளவு ஏறியது, முகத்துவாரம் எப்படி இருக்கிறது, அரசப்பன் வீட்டுக்குப் பின்னால் நட்டது துளிர் விட்டதா, பாப்பாவுக்கு மார்க் என்ன.

மார்ச் மாதத்தில் ஒரு நாள் அப்படிப் பேசிக்கொண்டிருக்கும்போது சொன்னான். "இந்த வாட்டி அஞ்சு நாள் கேட்டுக்கீறேன்."

"குடுப்பாங்களா?"

"கேட்டுக்கீறேன்" என்றான் மறுபடி. மில் சங்கு ஊதியது. பேச்சு அறுந்துபோயிற்று.

சுகிர்தா போனைக் காதில் வைத்தபடியே நின்றாள். வெளியே சின்னப்பொண்ணு இன்னும் கொஞ்சம் நொண்டுகிற காலோடு வந்து நின்று, தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறது, வருகிறாயா இல்லையா என்று கேட்டாள். போனை மாடத்தில் வைத்துவிட்டு அவள் ஏரிப் பக்கம் நடந்தாள்.